தட்டையடிப் படகை நான் தேர்ந்தெடுத்த கதை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "அங்கிள், மோட்டார் படகு வாங்கறதுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு. செமி-டிஸ்பிளேஸ்மென்ட் நல்லதா, பிளேனிங் நல்லதான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டீர்கள். நான், காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் மூன்று பேர் செத்துப் போனார்கள். வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதித் தருகிறேன்.

முதலில் தொழில் விஷயத்தை முடித்துவிடலாம். நீங்கள் சொல்லும் இங்கிலீஷ் பெயர்கள் அந்தக் காலத்தில் எங்கள் படகுத்துறையில் யாருக்கும் தெரியாது. படகின் அடிப்பாகத்தை வைத்து நாங்கள் தட்டையடி, உருண்டையடி என்போம். தட்டையடிதான் உங்கள் பிளேனிங். வேகம் பிடிக்கும்போது மூக்கைத் தூக்கும், பிறகு மெல்லத் தாழ்த்தித் தண்ணீரின் மேல் ஏறி ஓடும். ஏறிவிட்டால் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. ஏறுவதற்குத்தான் பாடு. பாரம் குறைவாக இருக்க வேண்டும், எஞ்சின் முழுப் பலத்தோடு இருக்க வேண்டும், எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும், கடலும் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் முரண்டு பிடிக்கும். ஏறாத தட்டையடி, மூக்கை வானத்துக்குக் காட்டிப் பின்புறத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு, எண்ணெயைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டு ஊர்ந்து போகும்.

உருண்டையடி, அதாவது உங்கள் செமி-டிஸ்பிளேஸ்மென்ட், பாதி தண்ணீரைத் தள்ளிக்கொண்டும் பாதி அதன்மேல் எழும்பியும் போகிற சாதி. பக்கவாட்டில் உருளும், ஏறியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற வேகமும் வராது. ஆனால் ஆறு பேர் ஏறினாலும் பன்னிரண்டு பேர் ஏறினாலும் அது போய்ச் சேரும் நேரம் பெரிதாக மாறாது. மட்டமான எண்ணெயிலும் முனகிக்கொண்டாவது கரைக்கு வந்துவிடும்.

வித்தியாசம் இவ்வளவுதான். எனக்கு இது இருபத்தைந்து வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் தப்பாகச் சொன்னேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நான் மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ஒரு படகுக் கொட்டகையில் எஞ்சின் மெக்கானிக். வீடு காஜா பெராங்கில். எனக்கும் ராஜம்மாவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். பக்கத்து வீட்டில் அவளுடைய அண்ணன் நடேசன் இருந்தான். கிட்டத்தட்ட என் வயதுதான், பஸ் டிரைவர். எண்ணெய் இல்லாமல் பஸ்கள் நின்று போனதால் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் வம்பளந்துகொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லாத ராஜம்மாவை வளர்த்தவன் அவன்தான்.

கொட்டகையில் இரண்டு மோட்டார் படகுகள் இருந்தன. இரண்டும் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டு ஓடியவை. தட்டையடி, ஒரு தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாசமாக ஓட்டியது. பெட்ரோல் எஞ்சின், முகம் பார்க்கலாம் போல வார்னிஷ். உருண்டையடி, ஆளும் சாமானும் ஏற்றிப் பழகிய பழைய படகு. டீசல் எஞ்சின், செம்பனை எண்ணெயை ஊற்றினாலும் ஓடும். இரண்டையும் கடலில் நடத்துகிற செராங் ஒருவர்தான். தமிழ் முஸ்லிம், ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருந்தார். எல்லாருக்கும் அவர் செராங் நானா.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி கொட்டகைக்கு வந்தார். ஒரு படகு சிங்கப்பூருக்குப் போக வேண்டும், இன்னொன்று இங்கேயே இருக்கும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று நாளைக்கு இரண்டையும் ஓட்டிக் காட்டு என்றார். மலாயில்தான் பேசினார், கத்தவில்லை. அவருடைய ஆட்கள் ஊரில் செய்த அக்கிரமம் வேறு கதை. இந்தக் கதையில் குற்றவாளி அவர் இல்லை என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கோ வேறு கணக்கு. உருண்டையடியின் டீசல் எஞ்சினைச் செராங் நானாவே பார்த்துக்கொள்வார், பத்து வருடம் அதோடு குடும்பம் நடத்தியவர். அது தங்கினால் எனக்கு அங்கே வேலை இல்லை. அந்த நாளில் வேலை இல்லாதவனுக்குச் சயாம்தான். முந்தின வாரம்தான் புக்கிட் பாரு பக்கமிருந்து ஒரு லாரி நிறைய ஆட்களை அங்கே ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. பெட்ரோல் எஞ்சினைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தட்டையடி தங்கினால் நானும் தங்கலாம்.

துரை ஓடிய அன்று ஒரு தகரம் நல்ல பெட்ரோலை எடுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் புதைத்து வைத்திருந்தேன். கொட்டகையில் எங்களுக்குக் கிடைத்தது ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய். நாற்றமும் புகையும்தான் மிச்சம், எஞ்சினின் பலத்தில் முக்கால்வாசிகூட வராது. அதை ஊற்றினால் தட்டையடியின் சாயம் வெளுத்துவிடும். அதனால் புதைத்ததைத் தோண்ட முடிவு செய்தேன். நடேசன்தான் மண்வெட்டி எடுத்து வந்தான்.

"மாட்டுனா தலை போயிரும் லா, மாப்ளே" என்றான்.

"மாட்டலன்னா வேலை தங்கும். வேலை போனா நான் சயாமுக்குப் போவேன். எது பரவால்ல, நீயே சொல்லு மச்சான்."

"என் தங்கச்சிய நெனச்சு செய்றேன், உன்ன நெனச்சு இல்ல" என்று சிரித்தான். தகரத்தைச் சைக்கிளில் கட்டி, மேலே மரவள்ளித் தழையைப் போட்டு மூடி, கொட்டகை வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்து கொடுத்தது அவன்தான்.

மறுநாள் காலையில் கடல் எண்ணெய் தடவினது போலக் கிடந்தது. தட்டையடியிலிருந்து நங்கூரம், சங்கிலி, கயிறு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் முன்னதாகவே இறக்கி வைத்திருந்தேன். அதிகாரி, செராங் நானா, நான் என்று மூன்றே பேர். எதிரே தெரியும் ஊப்பே தீவைச் சுற்றிக்கொண்டு திரும்பினோம். ஆற்றைத் தாண்டியதும் படகு ஏறியது பாருங்கள், எனக்கே பெருமையாக இருந்தது. கரையில் நின்ற கூட்டத்தில் நடேசன் தலைத்துண்டை எடுத்து ஆட்டினான். பிறகு உருண்டையடியை, வேண்டுமென்றே தொட்டிகள் நிறைய எண்ணெயும் தண்ணீரும் ஏற்றி ஓட்டிக் காட்டினோம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் தட்டையடியைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதில் எத்தனை பேர் ஏறலாம்?

"பன்னிரண்டு பேர்" என்றேன். பன்னிரண்டு பேர் உட்கார இடம் இருந்தது என்னவோ நிஜம். பன்னிரண்டு பேரோடு அது ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி செராங் நானா பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்றார். அவர் என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார், இதுவும் நல்ல படகுதான் துவான் என்று முடித்துக்கொண்டார். அதிகாரி போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெட்ரோல் வாசம் எனக்குத் தெரியாதா தம்பி? கல்யாணம் பண்ணி ரெண்டு வருசம்தான் ஆவுது, ஒன் பொண்டாட்டி மொகத்த நெனச்சு வாய மூடிக்கிட்டேன். நான் செஞ்சது சரியா தப்பான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

உருண்டையடி சிங்கப்பூருக்குப் போய்விட்டது. நான் தங்கினேன்.

சில மாதம் கழித்து, வேலை இல்லாதவர்களைப் பிடிக்க வந்தபோது நடேசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்கு இல்லை, வடக்கே லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் விறகுக்காகப் பாக்காவ் என்கிற அலையாத்தி மரம் வெட்டுகிற முகாமுக்கு என்று தெரிந்ததும், ராஜம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். லிங்கிதானே, கூப்பிடுகிற தூரம்தானே என்று நானும் சொன்னேன். சேற்றுக் காட்டுக்கு நடுவில் இருந்த முகாம் அது. படகில் தவிர அங்கே போகவும் முடியாது, வரவும் முடியாது. ஆறு வாரத்தில் முகாம் முழுக்கக் குளிர்காய்ச்சல், நடேசனும் படுத்துவிட்டான் என்று சேதி வந்தது. படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

நான் அதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். வெட்ட ஆள் இல்லாமல் விறகும் வராமல் போயிருந்தது. அதனாலோ என்னவோ, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சம்மதித்தார். இரண்டு தகரம் ரப்பர் எண்ணெய், ஒரே ஒரு பயணம். அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது என்றார்.

கிளம்பும்போது ராஜம்மா ஒரு போத்தல் கஞ்சித் தண்ணியைக் கையில் கொடுத்தாள். "எனக்கு வேற யாரும் இல்லங்க. எப்படியாச்சும் அண்ணனக் கூட்டியாந்துருங்க" என்றாள்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருப்பான், நீ உலை வையி" என்றேன்.

போகும்போது நானும் செராங் நானாவும் மட்டும்தான். ரப்பர் எண்ணெயிலேயே படகு இருமிக்கொண்டும் புகைந்துகொண்டும் எப்படியோ ஏறிவிட்டது. என் மனசும் லேசாகிவிட்டது. முகாமின் பலகைத் துறையில் ஒன்பது பேரை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஆறாவதாக நடேசன். தாடி மூடியிருந்ததால் நான் முதலில் அவனைத் தாண்டிப் போய்விட்டேன், அவன்தான் "மாப்ளே" என்று கூப்பிட்டான். ஒன்பது பேரையும் தூக்கிப் படகில் படுக்க வைத்தோம். எங்களையும் சேர்த்துப் பதினொன்று. நான் சொன்ன பன்னிரண்டில் ஒன்று குறைவு.

ஆற்று வாயைத் தாண்டி எஞ்சினை முழுசாகத் திறந்தேன். மூக்கு மேலே போயிற்று, போனது இறங்கவே இல்லை. பின்பலகையின் விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது.

"தம்பி, இது ஏறாது" என்றார் செராங் நானா. "முகாம் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. திரும்பு. அஞ்சு பேர எறக்கிருவோம், நாலு பேரோட போனா ஏறிரும்."

"எறக்கற அஞ்சு பேர எப்ப வந்து எடுக்கறது நானா? எண்ணெய் ஏது?"

"எடுக்க முடியாதுதான். நாலு பேராச்சும் பொழைப்பாங்கல்ல?"

"எந்த நாலு பேரு?"

அவர் நடேசனைப் பார்த்தார். நடேசன் என் காலடியில், கயிற்றுச் சுருளில் தலை வைத்துக் கிடந்தான். காய்ச்சலிலும் அவனுக்கு நினைவு இருந்தது. நாங்கள் பேசியது முழுசாக அவனுக்கு விளங்கவில்லை. எஞ்சின் கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டான், டிரைவர் புத்தி.

"அன்னிக்கு நல்லா ஓடுச்சே மாப்ளே, நான் கரையில நின்னு பாத்தேனே" என்றான். "ஸ்பார்க் பிளக்கக் கழட்டிப் பாரு லா."

நான் எல்லாரையும் கொண்டு போவோம் என்றேன். இதைக் கேட்ட சிலர் பிற்பாடு என்னைப் பெரிய மனசுக்காரன் என்று புகழ்ந்திருக்கிறார்கள். பெரிய மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த ஐந்து பேரின் முகத்தைப் பார்த்து நீ இறங்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். நடேசனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை இறக்கவும் முடியவில்லை, நடேசனை இறக்கவும் முடியவில்லை. முடிவை நான் எடுக்காமல் கடலின் தலையில் கட்டினேன்.

சரி, எல்லாரையும் கொண்டு போவது என்றால் அதற்கும் வழி இருந்தது. செராங் நானா அதையும் சொன்னார்.

"அப்ப வேகத்தக் கொறை. நடக்கற மாதிரி போனா எண்ணெய் கம்மியாத்தான் குடிக்கும். சாயங்காலத்துக்குள்ள போயிரலாம்."

நான் குறைக்கவில்லை. இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படியுங்கள், ஏனென்றால் நம் தொழில்காரன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான். ஏறாத தட்டையடி, ஏறப்போவது போலவே ஆசை காட்டும். ஓர் அலை பின்னால் வந்து தள்ளும்போது மூக்கு ஒரு சாண் தாழும், சத்தம் மாறும், இதோ ஏறிவிட்டது என்று உங்கள் கை இன்னும் கொஞ்சம் திறக்கும். அலை போனதும் பழையபடி உட்கார்ந்துகொள்ளும். இதோ, இதோ என்றே ஒரு மணி நேரம் போல முழு வேகத்தில் விரட்டினேன். மத்தியானத்துக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. செராங் நானா என் கைமேல் கை வைத்து வேகத்தைக் குறைக்கப் பார்த்தார். அவரைவிட இளையவன் நான், அவர் கையைத் தட்டிவிட்டேன். தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தபோது எண்ணெய் அடியில் இரண்டு விரல்தான் இருந்தது.

அப்புறம் குறைத்தேன். அதற்குள் காற்று எதிரே திரும்பியிருந்தது. தஞ்சோங் கிளிங் கரை தென்னைமரம் தென்னைமரமாகத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. நங்கூரம் ஆழத்தில் பிடிக்கவில்லை. உச்சி வெயில். துரையின் உல்லாசப் படகில் ஒதுங்க ஒரு கூரைகூட இல்லை. நானும் செராங் நானாவும் சட்டை, சாரோங், சாக்கு என்று இருந்ததையெல்லாம் நோயாளிகள்மேல் பிடித்துக்கொண்டு நின்றோம். குடிதண்ணீர் தீர்ந்துபோனது. முன்பக்கம் கிடந்த ஒருவர் முதலில் போனார், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்து ஒரு மலாய்க்காரர். நடேசனுக்கு ராஜம்மா கொடுத்த போத்தலிலிருந்து கடைசி வாயைப் புகட்டினேன். பாதி கடைவாயில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் கை என் முழங்காலிலிருந்து நழுவியது. சத்தம் போட்டு அழுதேன், கடலில் கேட்க யார் இருக்கிறார்கள். வெயில் சாய்ந்த பிறகு மீன்பிடிச் சம்பான்கள் இரண்டு எங்களைப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தன. ஆறு பேர் ஆஸ்பத்திரியில் பிழைத்தார்கள்.

உருண்டையடி இருந்திருந்தால், செம்பனை எண்ணெயில் முனகிக்கொண்டே, ஒன்பது பேரையும் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் கொண்டு வந்து சேர்த்திருக்கும். இந்தக் கணக்கை எத்தனை வருடமாகப் போட்டுப் பார்க்கிறேன், ஒருதடவைகூட வேறு விடை வந்ததில்லை.

அதிகாரி விசாரித்தபோது எஞ்சின் கோளாறு, எண்ணெய் மட்டம் என்றேன். நம்பிவிட்டார். செராங் நானா பக்கத்தில் நின்றார், இந்தத் தடவையும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சாகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜாலான் துக்காங் எமாஸில் நான் எதிரே வந்தால் அந்தப் பக்க ஓரத்துக்கு மாறிவிடுவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்களிடம் வந்த ஆளுக்கு இதைச் சொல்லுங்கள். விற்கிறவன் காலை அமைதியில், காலிப் படகில், நல்ல எண்ணெயில்தான் ஓட்டிக் காட்டுவான். மத்தியானக் காற்றில், அவர் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றி, வழக்கமாகப் போடுகிற எண்ணெயையே போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் ஏறி ஓடினால் தட்டையடியைத் தாராளமாக வாங்கட்டும், அது ஒன்றும் பாவம் செய்த படகு இல்லை. ஏறவில்லையா, உருண்டையடியோடு போகட்டும். எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டால், எத்தனை பேரோடு வந்து சேரும் என்பதைச் சொல்லுங்கள். அவர் எதை வாங்கினால் உங்களுக்கு ஆதாயமோ, அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். கடலில் போன பிறகு ஏறாத படகை விரட்டாதீர்கள். இவ்வளவும் சொல்கிறேனே தவிர, இதையெல்லாம் கற்றுக்கொண்டதால் எனக்கு ஒரு நிம்மதியும் வந்துவிடவில்லை. படிப்பினை, படிப்பினை என்கிறார்களே, அது செத்தவனுக்கு எதற்கு?

ராஜம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. எஞ்சின் நின்றுபோயிற்று என்றுதான் அவளுக்கும் தெரியும். "அவரு உசுரக் குடுத்துப் பாத்தாரு, விதி விடல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வருடா வருடம் நடேசனின் திதியன்று அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பாள். வீட்டில் எத்தனை சொந்தக்காரர்கள் இருந்தாலும் படையல் போட்ட இலையில் என்னைத்தான் உட்கார வைப்பாள். "எங்கண்ணனுக்குக் கடைசி வாய் குடுத்த கை இது, இவர்தான் மொதல்ல சாப்பிடணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பரிமாறுவாள். நாற்பது வருடம் அப்படிப் பரிமாறிவிட்டுத்தான் அவள் கண்ணை மூடினாள். நான் ஒவ்வொரு வருடமும் அந்த இலையில் உட்கார்ந்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.